டைனமோவை மாற்ற நினைக்கும் அன்பர்களுக்கு

கோட்டைப்பட்டினத்திலும், வடக்கே மணமேல்குடி, தெற்கே ஜெகதாப்பட்டினம், மீமிசல் வரையிலும், பழைய அம்பாசிடர், பியட், ஸ்டாண்டர்டு ஹெரால்டு முதலிய கார்களை இன்னும் கைவிடாமல் ஓட்டிவரும் பெரியோர்களுக்கும் இளைஞர்களுக்கும் எழுதிக்கொள்வது.

தங்களிடையே சில காலமாக ஒரு யோசனை பரவிவருகிறது. பழைய டைனமோவைக் கழற்றிவிட்டு, அதனிடத்தில் மாருதி 800-இலிருந்து எடுத்த ஆல்டர்நேட்டர் ஒன்றைப் பொருத்திவிட்டால், இரவுப் பிரயாணத்தில் விளக்கு மங்குவது, காலையில் செல்ஃப் எடுக்காமல் வண்டியைத் தள்ளுவது ஆகிய சங்கடங்கள் யாவும் அன்றோடு தொலைந்துவிடும் என்பது அந்த யோசனை. அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை யாரும் சொல்லாமல் விட்டுவிடுவதால்தான், பணம் செலவழித்து ஆல்டர்நேட்டரைப் பொருத்திய பிறகும் அறந்தாங்கிச் சாலையில் எதிரே வரும் லாரியின் வெளிச்சத்தில் தம் வண்டியின் விளக்கு எரிகிறதா இல்லையா என்று சந்தேகப்படும் நிலையில் சிலர் இருக்கிறார்கள். “பழைய வண்டி அப்படித்தான்” என்று அவர்கள் மனத்தைத் தேற்றிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. வண்டி அப்படிப்பட்டதன்று, வேலை பாதியில் நின்றிருக்கிறது.

முதலில் டைனமோவுக்கு ஒரு நியாயம் சொல்லிவிட வேண்டும். 1912-ஆம் ஆண்டில், அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் என்பவர் அமைத்துக்கொடுத்த மின்சாரச் செல்ஃப் ஸ்டார்ட்டருடன் காடிலாக் கார் வெளிவந்தபோது, கைப்பிடி போட்டுச் சுற்றும் கஷ்டம் ஒழிந்தது. ஆனால் பேட்டரியில் செலவான சக்தியை ஓட்டத்திலேயே திரும்ப நிரப்பும் யந்திரம் ஒன்று இல்லாமல் அந்த வசதி நிலைத்திருக்க முடியாது. அந்த உபகாரத்தைச் சுமார் அரை நூற்றாண்டுக் காலம் உலகத்து மோட்டார் வண்டிகளுக்கெல்லாம் செய்துவந்தது டைனமோவே. அதே 1912-இல்தான் நம் பக்கத்து மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் பஸ் போக்குவரத்தைத் தொடங்கினார் என்பதும், பிற்காலத்தில் அந்தக் குடும்பத்து ஸ்தாபனமும் இங்கிலாந்தின் லூகாஸ் கம்பெனியும் சேர்ந்து 1961-இல் சென்னைப் பாடியில் நிறுவிய லூகாஸ் டிவிஎஸ் தொழிற்சாலையிலிருந்தே டைனமோவும் செல்ஃப் மோட்டாரும் பின்பு ஆல்டர்நேட்டரும் நாடெங்கும் சென்றன என்பதும் நினைத்துப் பார்க்கத் தக்கவை. மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வம்சத்தில் உத்தரபாராவில் பிறந்து, 2014-ஆம் ஆண்டு மே மாதத்தோடு உற்பத்தி நின்றுபோன அம்பாசிடருக்கு அந்த மின்சார மரபு பிதுரார்ஜிதமாக வந்தது.

டைனமோவின் குறை அதன் அமைப்பிலேயே இருக்கிறது. அதில் மின்சாரம் உண்டாவது சுழலும் ஆர்மேச்சரில். உண்டான முழு மின்சாரத்தையும், சுழன்றுகொண்டிருக்கும் கம்யூட்டேட்டரின்மேல் உரசி நிற்கும் இரண்டு கார்பன்களின் வழியாகத்தான் வெளியே எடுத்தாக வேண்டும். பாரமான செம்புச் சுருள்களைத் தாங்கிய அந்த ஆர்மேச்சரை மிக வேகமாகச் சுழற்றினால் சுருள் பிய்த்துக்கொள்ளும் என்பதால், வேகத்துக்கு ஒரு வரம்பு கட்டிப் பெரிய புல்லியைப் போட்டார்கள். அதன் விளைவாக வண்டி மெதுவாக உறுமி நிற்கும்போது டைனமோ பேட்டரிக்கு ஏதும் கொடுப்பதில்லை. நம் நாட்டு வண்டிகளில் வெகுவாகக் காணப்பட்ட லூகாஸ் சி40 வகை டைனமோ தன் உச்சத்தில் 22 ஆம்பியர் தரும். அந்த உச்சமும் சாலையில் ஓடும் வேகத்தில்தான். மீன் ஏலம் முடிந்து லாரிகள் நெருக்கியடித்து நிற்கும் காலை வேளையில், பத்தடிக்கு ஒருமுறை நின்று நகரும் வண்டியின் டைனமோவிடம் 22-ஐ எதிர்பார்ப்பது அநியாயம்.

கேட்கும் பக்கத்தின் கணக்கையும் பார்ப்போம். இக்னிஷனுக்கு நான்கு ஆம்பியர்; இரண்டு முன்விளக்குகளுக்கும் சேர்த்து ஒன்பது அல்லது பத்து; பின்விளக்கு, நம்பர் பலகை விளக்கு, டாஷ்போர்டு விளக்குகளுக்கு இரண்டு, மூன்று; வைப்பருக்கு மூன்று, நான்கு. ஐப்பசி, கார்த்திகை மழை இரவில் இவை யாவும் ஒரே சமயத்தில் வேலை செய்யும்போது இருபது ஆம்பியர் போய்விடுகிறது. அதற்கு மேல் பிரேக்கை மிதித்தால் எரியும் விளக்கு, பிள்ளைகள் மாட்டிவைத்த பாட்டுப் பெட்டி, கைப்பேசிக்குச் சார்ஜ் என்று சேர்ந்தால் வரவைவிடச் செலவு மிகுந்து, பற்றாக்குறை பேட்டரியின் தலையில் விழுகிறது. இதைச் சரிக்கட்ட நூறு வாட் பல்புகளை வாங்கிப் போடுவோரும் உண்டு. இரண்டு நூறு வாட் பல்புகள் பதினாறு, பதினேழு ஆம்பியரைத் தாமாகவே விழுங்கிவிடும். அறுபது வருஷத்துக்கு முன் செய்த விளக்குச் சுவிட்சு அதன் பிறகு எத்தனை நாள் உருகாமல் இருக்கும் என்பதை அவரவர் ஊகத்துக்கு விட்டுவிடுகிறேன்.

ஆல்டர்நேட்டர் இந்தக் கதையைத் தலைகீழாக்கியது. அதில் மின்சாரம் உண்டாகும் கனத்த சுருள் அசையாமல் ஓட்டோடு ஒட்டி நிற்கிறது. சுழல்வது காந்தமாகும் ரோட்டர் மட்டுமே. கார்பன்கள் அந்த ரோட்டருக்கு இரண்டு, மூன்று ஆம்பியரைச் செலுத்தினால் போதும். ஆகையால் அவை தேய்வதும் பொறி கக்குவதும் குறைவு. ரோட்டர் திண்மையான உருவம் கொண்டதாகையால் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்களுக்கு மேலும் தாங்கும். சிறிய புல்லியைப் போட்டு அதை வேகமாக ஓட்டலாம். அதனாலேயே வண்டி நின்று உறுமும்போதும் பேட்டரிக்கு வரவு இருந்துகொண்டிருக்கும். உண்டாகும் மாறுதிசை மின்சாரத்தை ஒருதிசைப்படுத்துவன டயோடுகள். மலிவான சிலிக்கன் டயோடு கைக்கு வரும் வரையில் இந்தத் தத்துவம் சாதாரணக் கார்களுக்குப் பயன்படவில்லை. வந்தவுடன், 1960-இல், கிரைஸ்லர் கம்பெனியார் தம் வேலியண்ட் காரில் ஆல்டர்நேட்டரை வைத்தே விற்கலானார்கள். பேட்டரியிலிருந்து மின்சாரம் பின்னோக்கிப் பாயாமல் அந்த டயோடுகளே தடுத்துவிடுவதால், நம் மெக்கானிக்குகள் ‘கட்-அவுட்’ என்று சொல்லும் கறுப்புப் பெட்டிக்கும் வேலையில்லாமல் போயிற்று. இவ்வளவையும் பார்த்தபின், இரவில் ஓட்ட வேண்டிய கட்டாயமுள்ள வண்டிக்கு ஆல்டர்நேட்டர் நல்லதென்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

இனி, சொல்லாமல் விடப்படும் பாதிக்கு வருகிறேன்.

டைனமோவிலிருந்து கட்-அவுட் வரையிலும், அங்கிருந்து பேட்டரி வரையிலும் செல்லும் பழைய கம்பி இருபத்திரண்டு ஆம்பியரை மனத்தில் வைத்துப் போடப்பட்டது. அதன் செம்பு சுமார் மூன்று சதுர மில்லிமீட்டர் இருந்தால் அதிகம். நாற்பது ஆம்பியர் தரும் ஆல்டர்நேட்டரை வாங்கி அதே கம்பியில் இணைத்தால், மூன்று மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 0.7 வோல்ட் கம்பியிலேயே உஷ்ணமாகக் கரைந்துவிடும்; கம்பி புதிதாகவும் இணைப்புகள் சுத்தமாகவும் இருந்தால்தான் இந்தக் கணக்கு. பச்சைக் களிம்பு பூத்த இணைப்புகள் நான்கைந்து நடுவில் வந்தால் ஒன்றரை வோல்ட் போனாலும் வியப்பில்லை. ஒரு வோல்ட்தானே என்று அலட்சியம் பண்ணலாகாது. இழை பல்புகளில் ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறக்குறையக் கால் பங்கு குறைந்துவிடும். கண்மாயை ஆழ வெட்டிவிட்டு மடையும் வாய்க்காலும் தூர்ந்து கிடப்பதைப் பாராமலிருக்கும் விவசாயம் இது. பத்துச் சதுர மில்லிமீட்டர் கனமுள்ள புதுக் கம்பி ஒன்றை ஆல்டர்நேட்டரிலிருந்து நேரே செல்ஃப் சுவிட்சின் பேட்டரி முனைக்கு, நடுவில் தக்க ஃபியூஸ் ஒன்றுடன், கொண்டுபோனால் இழப்பு 0.2 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். அதே முனையிலிருந்து இரண்டு ரிலேக்களின் வழியாக முன்விளக்குகளுக்குத் தனிக் கம்பி இழுத்து, பழைய சுவிட்சை அந்த ரிலேக்களைத் தூண்டும் சிறு வேலைக்கு மட்டும் வைத்துக்கொண்டால், பல்பை மாற்றாமலே வெளிச்சம் மாறிப்போகும். இந்தக் கம்பி வேலையை மட்டும் டைனமோ இருக்கும்போதே செய்துபார்க்கும்படி சிலருக்கு யோசனை சொல்லியிருக்கிறேன். ஆல்டர்நேட்டர் வாங்கும் உத்தேசத்தை அவர்களில் ஒருவர் அதன் பிறகு கைவிட்டேவிட்டார்.

எர்த்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை நினைப்பவர் குறைவு. என்ஜின் ரப்பர் மௌண்டிங்குகளின்மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆல்டர்நேட்டரின் நெகட்டிவ் பக்கமோ என்ஜினின் உடம்புதான். அங்கிருந்து பாடிக்கும் பேட்டரிக்கும் திரும்பி வர, பின்னிய செம்புப் பட்டை ஒன்று உண்டு. ஒரு முனை கிரீஸிலும் மறுமுனை துருவிலும் புதைந்து, பல வண்டிகளில் அது இருக்குமிடமே தெரிவதில்லை. அது அறுந்துபோனால் செல்ஃப் மோட்டாருக்கான நூற்றுக்கணக்கான ஆம்பியர், கிடைத்த வழியாகிய சோக் கம்பியிலும் ஆக்ஸிலேட்டர் கம்பியிலும் ஓடி அவற்றைச் சுட்டுவிடும். சோக்கை இழுக்கும்போது கை சுட்டது என்று ஓட்டுநர் சொன்னால் சிரிக்காதீர்கள். பட்டையைப் புதிதாக மாற்றி, அது உட்காரும் இடத்தில் பெயிண்டையும் துருவையும் வெண்மையான இரும்பு தெரியும்வரை சுரண்டி, முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவிவிடுங்கள். என்ஜின் ஓட, விளக்குகள் எரிய, மல்ட்டிமீட்டரின் ஒரு முனையை ஆல்டர்நேட்டரின் ஓட்டிலும் மற்றதைப் பேட்டரியின் நெகட்டிவிலும் வைத்துப் பார்த்தால் 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாது. காட்டினால் ஆல்டர்நேட்டரைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

நம் ஊருக்கு இந்த விஷயத்தில் ஒரு பிரத்தியேகத் தொல்லையும், அதற்கு ஈடாக ஒரு பிரத்தியேக அனுகூலமும் இருக்கின்றன. பாக் ஜலசந்தியின் உப்புக்காற்று திருச்சியிலோ மதுரையிலோ பத்து வருஷத்தில் கெடும் இணைப்பை இங்கே அதற்கு வெகு முன்பாகவே கெடுத்துவிடுகிறது. லூகாஸ் வயரிங்கில் ஆங்காங்கே வரும், குழாய்க்குள் செருகி நிற்கும் குண்டு இணைப்புகளுக்குள் ஈரம் புகுந்தால், வெளியே சாதுவாகத் தோன்றும் கம்பியின் செம்பு உறைக்குள்ளேயே ஒரு சாண் தூரம் கறுத்துப்போயிருக்கும். அனுகூலம் என்னவென்றால், இதே உப்போடு தினமும் போராடும் விசைப்படகுகள் நம் துறைமுகத்தில் நிற்கின்றன, அவற்றின் டீசல் என்ஜினிலும் ஆல்டர்நேட்டர் உண்டு, ஜி.பி.எஸ்., வயர்லெஸ், ஆழங்காட்டும் கருவி, விளக்குகள் யாவும் அது நிரப்பும் பேட்டரிகளை நம்பியே கடலுக்குப் போகின்றன. வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பி, சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் உறை, இணைப்பைத் திருகாமல் அழுத்திப் பிடிக்கும் லக்கு ஆகிய படகுச் சாமான்களை நம் கார்களுக்கும் போட்டுக்கொள்வதில் கௌரவக் குறைவு ஏதுமில்லை. படகுகளுக்கு வயரிங் பார்க்கும் மேஸ்திரிகளின் கை இதில் பழகிய கை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்பிடித் தடைக்காலமாகிய அறுபத்தொரு நாளும் படகுகள் பழுதுபார்க்க நிற்குமாதலால் அவர்களுக்கு மூச்சுவிட நேரமிராது. அவர்களை நாடுவோர் அதற்கு முன்போ பின்போ நாடுவது நலம். ஒரே எச்சரிக்கை: சில படகுகளின் மின்சாரம் 24 வோல்ட், அங்கே மிச்சமான ஆல்டர்நேட்டர் சலிசாகக் கிடைக்கிறதென்று 12 வோல்ட் காரில் மாட்டிவிடாதீர்கள்.

ஆல்டர்நேட்டரைத் தேர்ந்தெடுப்பதில் பேராசை வேண்டாம். முப்பத்தைந்து முதல் ஐம்பத்தைந்து ஆம்பியர் வரையில் போதும். ஐம்பத்தைந்து ஆம்பியரை முழுமூச்சாகத் தரும் ஆல்டர்நேட்டர், தன் உள் நஷ்டத்தையும் சேர்த்து, என்ஜினிலிருந்து ஏறக்குறைய ஒன்றேமுக்கால் குதிரைச் சக்தியை எடுத்துக்கொள்ளும். அந்தப் பாரத்தை இழுக்க வேண்டியது ஒற்றை ஃபேன் பெல்ட். தொண்ணூறு ஆம்பியர் என்று பெருமையடித்துக்கொள்ளும் யந்திரத்தை மாட்டினால் பெல்ட் கீச்சிடும், தண்ணீர்ப் பம்பின் பேரிங்கும் சீக்கிரம் கழன்றுபோகும். புல்லிகள் மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கின்றனவா என்பதை ஒரு நூலை இழுத்துப் பிடித்தே பார்த்துவிடலாம். டீசல் வண்டிகள் சிலவற்றின் ஆல்டர்நேட்டருக்குப் பின்புறம் பிரேக்குக்கான வேக்குவம் பம்ப் ஒட்டியிருக்கும். அதற்கு எண்ணெய்க் குழாய் வேண்டும். பெட்ரோல் வண்டிக்காரருக்கு அது அநாவசியச் சுமை.

பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த் என்ற வழக்கம் இருந்தது. இங்கிலாந்து வழி வந்த வண்டிகளில் இது சகஜம். இன்றைய ஆல்டர்நேட்டர் நெகட்டிவ் எர்த்தை எதிர்பார்க்கும். தவறிப் பழையபடியே பேட்டரியைக் கொடுத்தால் டயோடுகள் கண் இமைப்பதற்குள் எரிந்துபோகும். ஆகவே பேட்டரியைத் திருப்பி வைக்க வேண்டும். இருமுனைகளின் பருமனும் வேறாதலால் கிளாம்புகளையும் மாற்ற நேரும். இக்னிஷன் காயிலின் இரண்டு சிறு கம்பிகளை இடம் மாற்ற வேண்டும். ரேடியோ இருந்தால் அதைத் தனியே ஒதுக்கிவைக்க வேண்டும். செல்ஃப் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றுமோ என்ற பயம் பலருக்கு உண்டு. சுற்றாது, அதன் ஃபீல்டும் ஆர்மேச்சரும் சேர்ந்தே திசை மாறுவதால் சுழற்சி பழைய பக்கமே இருக்கும்.

டாஷ்போர்டில் ஆம்பியர் மீட்டர் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. புதுக் கம்பி அதன் வழியாகச் செல்லாதாகையால், முள் இனிமேல் எப்போதும் செலவுப் பக்கமே சாய்ந்து நிற்கும். அதைக் கண்டு இரவில் வண்டியை நிறுத்தி மேஸ்திரியை எழுப்ப வேண்டாம். ஒரு வோல்ட் மீட்டரை எங்கேனும் மறைவாக வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்திய வண்டியில் 12.6, ஓடும் வண்டியில் 13.8 முதல் 14.4 வரை என்று அது காட்டினால் வரவு செலவு சரியாக இருக்கிறது. டாஷ்போர்டின் சிவப்பு விளக்கையும் அற்பமாக எண்ணிவிடாதீர்கள். ரோட்டருக்கு முதல் தூண்டுதலாகச் சிறிது மின்சாரம் போவது அந்தப் பல்பின் வழியேதான். பல்பு எரிந்துபோனால் சில ஆல்டர்நேட்டர்கள் விழித்துக்கொள்ளவே மாட்டா.

பேட்டரி கம்பியைக் கழற்றிவிட்டு என்ஜின் ஓடுகிறதா என்று பார்த்து டைனமோவைச் சோதிக்கும் பழைய பழக்கம் நம் பட்டறைகளில் இன்னும் போகவில்லை. ஆல்டர்நேட்டரிடம் அந்தச் சோதனை வேண்டவே வேண்டாம். தாங்கிப்பிடிக்கும் பேட்டரி திடீரென்று விலகினால் எழும் வோல்ட் அலை டயோடுகளையும் ரெகுலேட்டரையும் முடித்துவிடும். பாடியில் வெல்டிங் வைக்கும் நாளில் ஆல்டர்நேட்டரின் கம்பிகளை முன்னதாகவே கழற்றிவிட வேண்டும்.

கடைசியாக, வண்டியின் பூர்வீக உருவம் கெடலாகாது என்று வாதிக்கும் அன்பர்களுக்கு. அந்த வாதத்தை நான் மதிக்கிறேன். 2021-ஆம் ஆண்டில் மத்திய அரசு ஐம்பது வருஷத்துக்கு மேற்பட்ட வண்டிகளுக்கென்று தனிப் பதிவு முறையொன்றைக் கொண்டுவந்தபோதும், மூல உருவம் காப்பாற்றப்பட்டிருக்க வேண்டும் என்பதை நிபந்தனையாக வைத்தார்கள். அப்படிப் பதிவான வண்டிகளை அன்றாடப் போக்குவரத்துக்கு ஓட்டவும் கூடாது. கோவை அவிநாசி சாலையிலுள்ள கார்க் காட்சிசாலையில் நிற்கும் வண்டிகளைப் போல் நிறுத்திவைத்துப் போற்றப் போகிறவர் டைனமோவை மாற்ற வேண்டியதேயில்லை. டைனமோவின் கூட்டுக்குள்ளேயே ஆல்டர்நேட்டரை ஒளித்துவைத்து விற்கும் தந்திரமும் இங்கிலாந்தில் உண்டு. விலையைக் கேட்டால் நம்மில் பலர் பாதி வழியிலேயே திரும்பிவிடுவோம். தங்களில் பெரும்பாலோர் நிக்காஹ்வுக்கும் கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் அதே வண்டியில் இரவும் பகலும் போகிறவர்கள். அவர்கள் எதையும் வெட்டாமல், துளையிடாமல், பழைய பிராக்கெட்டின் துளைகளுக்கே பொருந்தும்படி தனித் தகடு செய்து ஆல்டர்நேட்டரை ஏற்றலாம். பழைய வயரிங்கை அறுக்காமல் முனைகளை உறையிட்டுச் சுருட்டி வைக்கலாம்.

கழற்றிய டைனமோவைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அதன் பின்பக்கத்துப் புஷ்ஷுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கம்யூட்டேட்டரைத் துடைத்து, கட்-அவுட் பெட்டியோடு சேர்த்து எண்ணெய்த் துணியில் சுற்றி, உப்புக்காற்று புகாத டின்னில் வைத்து, எந்த வண்டியினுடையது என்று ஒரு சீட்டும் எழுதிப் போடுங்கள். பின்னொரு நாள் தங்கள் மகனோ பேரனோ அதைத் திரும்ப மாட்ட விரும்பினால், நெகட்டிவ் எர்த்துக்கு மாறிவிட்ட வண்டியில் அது அப்படியே வேலை செய்யாது. அதன் இரண்டு கம்பிகளையும் கழற்றி வைத்துவிட்டு, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து ஒரு துண்டுக் கம்பியால் ‘எஃப்’ என்று குறித்த முனையை மூன்று, நான்கு தடவை ஒரு கணம் தொட்டு எடுத்தால், உள்ளே மிச்சமிருக்கும் காந்தம் திசை மாறிக்கொள்ளும். அதற்குப் பிறகுதான் கம்பிகளைச் சேர்க்க வேண்டும். இதையும் அந்தச் சீட்டிலேயே எழுதிவிடுங்கள்.

இங்ஙனம்,
கிழக்குக் கடற்கரைச் சாலையில் தங்களுக்கு எதிரே அடிக்கடி வரும் பழைய அம்பாசிடர்க்காரன்